மலையேறும் நோயாளிகள்

கொடைக்கானலில் தூண் பாறையைத் தாண்டி குணா குகைக்குப் போகும் பாதையில் விடுமுறை நாட்களில் கூட்டம் நெரிகிறது. மரவேர்கள் தரைக்கு மேல் பின்னிப் படர்ந்திருக்கும் இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. 2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வெளியான பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. கம்பி வேலிக்கு இப்பால் நின்று எட்டிப் பார்க்கும் யாரோ ஒருவரின் கைப்பேசியில் இளையராஜாவின் அந்தக் கடிதப் பாட்டு ஒலிக்கிறது.

1821இல் இந்த மலைகளை அளக்க வந்த பி.எஸ். வார்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி பதிவு செய்த இடம் இது. நெடுங்காலம் 'டெவில்ஸ் கிச்சன்' என்றுதான் பெயர். 1991 தீபாவளிக்கு வந்த ஒரு திரைப்படம் அந்தப் பெயரையே மாற்றிவிட்டது. தமிழ்நாட்டின் சுற்றுலா வரைபடத்தில் மனநோயாளியான ஒரு கதாபாத்திரத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும். வேலியோரம் நிற்பவர்களில் எத்தனை பேருக்குக் குணா ஒரு நோயாளி என்பது நினைவிருக்கிறது?

சந்தானபாரதி இயக்கிய 'குணா'வைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. படத்தின் தொடக்கப் பகுதியில் கமல்ஹாசன் ஓர் அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தபடி பேசிக்கொண்டே போவார். வேணுவின் கேமரா அவரோடு சேர்ந்து சுழலும். அவர் பேசுவது தன் முகத்தைப் பற்றி. அது அப்பாவின் முகம்; வேண்டாம் என்று கழற்றி வைக்க முடியாதபடி அப்பா தன்மேல் ஒட்டிவிட்டுப் போன முகம். பெற்றவரிடமிருந்து விரும்பாத ஒன்று உடம்போடு வந்துவிடுகிற வேதனையைத் தமிழ்த் திரை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன தருணங்கள் அரிது. குணாவுக்கு இருப்பது மனநோய். மூளை நரம்புகள் நாளடைவில் சிதையும் நோய் அல்ல. ஆனாலும் பரம்பரை நோய் இருக்கும் குடும்பங்களில் பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று கேட்கும் கேள்வியும் இதுதான்: அப்பாவிடமிருந்து எனக்கு வேறு என்னவெல்லாம் வந்திருக்கிறது?

அந்தக் கேள்வியைத் தொட்ட படம் அதற்குப் பிறகு அதன் பின்னால் போகவில்லை. குணா தான் தேடிய அபிராமி என்று நம்பும் பெண்ணோடு மலையேறிவிடுகிறான். குகையும் மூடுபனியும் காதலும் கதையை எடுத்துக்கொள்கின்றன. தாயும் மருத்துவமனையும் அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

நோயாளியை மலைக்கு அழைத்துப் போவது தமிழ் சினிமாவின் பழைய வழக்கம். பாலுமகேந்திராவின் 'மூன்றாம் பிறை'யில் (1982) நினைவிழந்த விஜியைச் சீனு நீலகிரிக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்கிறான். 'தெய்வத்திருமகள்' (2011) படத்தில் அறிவு வளர்ச்சி குன்றிய தகப்பனும் மகளும் வாழும் உலகமும் மலைதான். இந்த வழக்கத்துக்குச் சினிமாவைவிட மூத்த வேர் உண்டு. கொடைக்கானல் என்ற ஊரே நோய்க்கு அஞ்சி எழுந்தது. மதுரைச் சமவெளியில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் உயிர்களைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள், 1845இல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். குளிர்ந்த காற்று பட்டால் நோய் தீரும் என்ற நம்பிக்கை அன்று மருத்துவமாகவே இருந்தது. அந்த நம்பிக்கை கதைகளுக்குள் போய் இன்னும் உயிரோடிருக்கிறது.

ராம் இயக்கிய 'பேரன்பு' அந்த வழக்கத்தைக் கையில் எடுத்து, அதைச் சோதித்துப் பார்த்த படம். 2018 தொடக்கத்தில் ராட்டர்டாம் விழாவில் திரையிடப்பட்டு, 2019 பிப்ரவரி 1 அன்று திரைக்கு வந்தது. இதன் மலைப்பகுதிக் காட்சிகள் கொடைக்கானல் வட்டாரத்தில் எடுக்கப்பட்டவை. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகள் பாப்பா. பல ஆண்டுகள் வெளிநாட்டில் டாக்ஸி ஓட்டிவிட்டுத் திரும்பும் அப்பா அமுதவன் (மம்முட்டி). மனைவி வீட்டை விட்டுப் போய்விட, அக்கம்பக்கமும் உறவும் முகம் சுளிக்க, யாருமில்லாத ஏரிக்கரை வீட்டுக்கு மகளோடு போகிறார்.

மூடுபனியும் குதிரையும் சிட்டுக்குருவியும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் ராம் அங்கேயே நின்றுவிடவில்லை. மகளைச் சிரிக்கவைக்க மம்முட்டி பாட்டுப் பாடி, ஆடி, நாய் போலக் குரைத்துப் பார்க்கிறார். அவள் முகத்தில் எதுவும் அசைவதில்லை. பிறகு அவள் பருவமெய்துகிறாள். துணி மாற்ற அப்பாவை அவள் அனுமதிப்பதில்லை. அந்த நேரத்தில் அந்தத் தனி வீட்டில் உதவிக்கு ஒரு பெண் கிடையாது. மலை கொடுத்த தனிமை அந்த இடத்தில் தகப்பனின் கழுத்தை நெரிக்கத் தொடங்குகிறது. பராமரிப்பு என்பது ஒருவரால் ஆகிற வேலை அல்ல என்பதை ஒரு வசனமும் இல்லாமல் அந்தப் பகுதி புரியவைத்துவிடுகிறது. கடைசியில் அவர்கள் மலையிறங்கி நகரத்துக்கு வந்தாக வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். மூளை முடக்குவாதம் பெரும்பாலும் பரம்பரையாக வருவதல்ல. கருவிலோ பிரசவத்தின்போதோ பிறந்த சிறிது காலத்திலோ மூளைக்கு நேரும் பாதிப்பால் வருவது. மூளைக்கு நேர்ந்த அந்தச் சேதம் நாளுக்கு நாள் பெருகுவதும் இல்லை. இந்த இரண்டு விஷயங்களையும் அறியாத உறவுகள் 'உன் வழியா, என் வழியா' என்று தாயையும் தகப்பனையும் கூண்டில் ஏற்றுவதை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

கருவிலேயே நரம்பு மண்டலம் பாதிக்கப்படுவது பற்றிப் பேசினால் கொடைக்கானல் மக்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அது பாதரசம்.

அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை, 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் இயங்கத் தொடங்கியது. பாண்ட்ஸ் நிறுவனத்தின் அந்த ஆலை பின்னர் யூனிலீவரின் கைக்குப் போனது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. பாதரச ஆவியை நீண்ட நாள் சுவாசித்தால் விரல் நடுக்கம், மறதி, தூக்கமின்மை, சிறுநீரகக் கோளாறு எல்லாம் வரலாம். நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் எட்டலாம். தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் நேர்ந்த உபாதைகளுக்கு ஆலைதான் காரணம் என்று முன்னாள் தொழிலாளர்கள் சொன்னார்கள். தொழிலாளர் உடல்நலத்துக்குப் பாதிப்பு ஏற்படவில்லை என்று நிறுவனம் சொன்னது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

2015 ஜூலை 30 அன்று இணையத்தில் ஒரு பாட்டு வந்தது. 'கொடைக்கானல் வோன்ட்' என்று சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரப் எழுதிப் பாடியது. ரதீந்திரன் பிரசாத் படமாக்கியது. நிக்கி மினாஜின் புகழ்பெற்ற மெட்டை எடுத்து, நச்சுக் கழிவை அப்புறப்படுத்தச் சொல்லியும் தொழிலாளர்களுக்கு இழப்பீடு கேட்டும் நிறுவனத்திடம் நேருக்கு நேர் பேசியது. சில நாட்களிலேயே பல லட்சம் பேர் பார்த்தார்கள். நிக்கி மினாஜே அதைப் பகிர்ந்தார். பதினைந்து ஆண்டுகளாகத் தொழிலாளர்கள் ஏறி இறங்கிய படிகள் இருந்தன, திரட்டிய ஆவணங்கள் இருந்தன. அவர்களுடைய குரலை உலகத்தின் காதில் போட்டது அந்தப் பாட்டு. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்களின் குடும்பத்தினரோடும் நிறுவனம் உடன்பாடு கண்டது. மனிதாபிமான அடிப்படையில் தரும் உதவி என்று நிறுவனம் அதை அழைத்தது. ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற சண்டை அதோடு முடியவில்லை. அதற்காக 2018இல் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து பாடிய இரண்டாவது பாட்டு வந்தது.

அதே 2018இல் கார்த்திக் சுப்பராஜின் 'மெர்க்குரி' திரைக்கு வந்தது. வசனமே இல்லாத படம். பாதரச நச்சின் விளைவாகக் கேட்கும் திறனும் பேச்சும் இல்லாமல் வளர்ந்த ஐந்து நண்பர்களின் கதை. எதிரே பிரபுதேவா பேயாக வருகிறார். பெருநிறுவன நச்சுக்குப் பலியானவர்களுக்குப் படம் சமர்ப்பிக்கப்பட்டிருந்தது. நோக்கம் நல்ல நோக்கம். மௌனத்தைக் கையாண்ட விதத்தில் துணிச்சலும் இருந்தது. ஆனால் திகில் படத்தின் கணக்கு வேறு. பாதிக்கப்பட்டவர் பேயாகிப் பழிவாங்கும்போது பார்வையாளருக்குப் பயம் வருகிறது. நடுங்கும் விரலால் சட்டைப் பொத்தானைப் போட முடியாத தொழிலாளியின் காலைப்பொழுது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

பாதரசம் தாயிடமிருந்து கருவுக்குப் போகலாம் என்றாலும் அது மரபணுவில் எழுதப்படுவது அல்ல. நஞ்சை அகற்றினால் அடுத்த தலைமுறையைக் காக்கலாம். மரபணுவிலேயே எழுதப்பட்ட நோய் வேறு. அதில் உலகம் அதிகம் பேசியதும், கதைகளில் அதிகம் வந்ததும் ஹன்டிங்டன் நோய்.

1872இல் ஜார்ஜ் ஹன்டிங்டன் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் இதை விவரித்து எழுதினார். லாங் ஐலண்டில் அவருடைய தாத்தாவும் அப்பாவும் மருத்துவர்கள்; மூன்று தலைமுறை மருத்துவர்கள் அதே ஊர்க் குடும்பங்களைப் பார்த்து வந்ததால்தான் நோய் தலைமுறை தாண்டி வருவது பிடிபட்டது. நான்காவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் வருவதுதான். 26 முறை வரை வந்தால் கவலையில்லை. 40 முறையோ அதற்கு மேலோ வந்தால், சராசரி ஆயுள் வாழும் ஒருவருக்கு நோய் வந்தே தீரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. ஆண், பெண் வேறுபாடு கிடையாது.

கொடுமை என்னவென்றால் நோய் பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில்தான் தலைகாட்டுகிறது. அதற்குள் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்திருக்கும். முதலில் விரல்கள் தம்போக்கில் துடிக்கும். கோபம் பொசுக்கென்று வரும். நடை தள்ளாடும், பார்ப்பவர்கள் 'குடிச்சிருக்கான்' என்பார்கள். போகப்போகக் கையும் காலும் ஓயாமல் அசையும், பேச்சு குழறும், விழுங்குவது சிரமமாகும். அசைவு ஓயாததால் உடம்பு இளைத்துக்கொண்டே போகும். சோற்றைக் குழைத்து, கஞ்சியைக் கெட்டியாக்கி, புரையேறாமல் ஒவ்வொரு வாயாக ஊட்டுவதற்கே ஒருவருக்கு நாளில் பாதி போய்விடும். இப்படிப் பதினைந்து, இருபது ஆண்டுகள்.

இந்த நோயின் முகமாக உலகம் அறிந்தவர் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி. 1912இல் ஒக்லஹோமாவில் பிறந்தவர். அவருடைய தாய் நோராவும் இதே நோயால் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டு இறந்தவர். கத்ரிக்கும் முதலில் குடிப்பழக்கம் என்றும் மனச்சிதைவு என்றும்தான் சொன்னார்கள். 1952இல்தான் உண்மையான பெயர் தெரிந்தது. கடைசிக் காலத்தில் அவரால் பேச முடியவில்லை. அவரிடமிருந்து மணவிலக்குப் பெற்ற பிறகும் அவரைக் கவனித்துக்கொண்ட மார்ஜரி, 'ஆம்', 'இல்லை' என்று எழுதிய இரண்டு அட்டைகளை அவர் முன்னால் வைப்பார். கத்ரி கையை வீசி ஒன்றைத் தொடுவார். 1967 அக்டோபரில் அவர் இறந்தார். முதல் திருமணத்தில் பிறந்த இரு மகள்களும் நாற்பத்தோரு வயதில் இதே நோய்க்குப் பலியானார்கள்.

கத்ரியைத் திரை எப்படிக் காட்டியது? 1976இல் வந்த 'பவுண்ட் ஃபார் குளோரி' அவர் ஊர் ஊராகப் பாடித் திரிந்த இளமையோடு முடிந்துவிடுகிறது. நோய் அதற்குள் வருவதே இல்லை. 1969இல் அவர் மகன் ஆர்லோ நடித்த 'ஆலிஸஸ் ரெஸ்டாரன்ட்' படத்தில் மகன் மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்திருக்கும் காட்சிகள் உண்டு. பாப் டிலனின் இளமையைச் சொல்லும் 'எ கம்ப்ளீட் அன்னோன்' (2024) படத்தில் கத்ரி பேச்சற்றுப் படுத்திருக்கிறார். இளைஞர் ஒருவர் அவர் முன் அமர்ந்து பாடுகிறார். நெகிழவைக்கும் காட்சிதான். ஆனால் அந்தக் கட்டிலுக்கு வெளியே மார்ஜரி செய்த வேலையைப் பெரிய திரை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

அந்த வேலைதான் வரலாற்றைத் திருப்பியது. மார்த்தா கிரகாமிடம் நடனம் பயின்று மேடையேறிய மார்ஜரி, முன்னாள் கணவரின் புகழை ஒரு மெகாபோன் போலப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் இந்த நோய்க் குடும்பங்களைத் தேடினார். 1967இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர் கொடுத்த அழுத்தத்தால் அமெரிக்க நாடாளுமன்றம் ஓர் ஆணையம் அமைத்தது. அதில் பணியாற்றிய நான்சி வெக்ஸ்லரின் தாய்க்கும் இதே நோய். 1979 முதல் வெக்ஸ்லர் வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரைக் கிராமங்களுக்கு ஆண்டுதோறும் போய், பெரும் வம்சாவளிப் பட்டியலையும் ரத்த மாதிரிகளையும் சேகரித்தார். 1983இல் மரபணு இருக்கும் இடமும் 1993இல் மரபணுவும் கண்டுபிடிக்கப்பட்டன. தனக்கும் நோய் இருப்பதை வெக்ஸ்லர் 2020இல் வெளிப்படையாகச் சொன்னார்.

சோதனை வந்ததும் புதிய கேள்வி பிறந்தது. தடுக்க மருந்தில்லாத நோய் எனக்கு வரப்போகிறதா என்று இருபத்தைந்து வயதிலேயே தெரிந்துகொள்ள வேண்டுமா? 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 'தர்ட்டீன்' என்று அழைக்கப்படும் இளம் பெண் மருத்துவரின் கதை இந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்ந்தது. பலரிடம் அந்தக் கேள்வியைக் கொண்டுபோனது அந்தத் தொடர். உண்மையில் ஆபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் சோதனை செய்துகொள்வதில்லை. செய்துகொள்வது, செய்துகொள்ளாதது இரண்டுமே அவரவர் உரிமை. அதனால்தான் சோதனைக்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசனை கட்டாயம் என்கிறார்கள். அறிகுறி இல்லாத சிறுவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்வதில்லை.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய. ஹன்டிங்டன் வர ஒரு பெற்றோரின் மரபணு போதும். சொந்தத்தில் கட்டினாலும் அந்நியத்தில் கட்டினாலும் வாய்ப்பு ஒன்றுதான். வில்சன் நோய் அப்படியல்ல. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால்தான் அது வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் கட்டும்போது அதற்கு வாய்ப்பு கூடுகிறது. உடலில் தாமிரம் சேர்ந்து கல்லீரலையும் மூளையையும் கெடுக்கும் இந்த நோய்க்கு மருந்து உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் பள்ளிப் பிள்ளை பள்ளிக்கே திரும்பிவிடலாம். நடுக்கம் என்றதும் பேய் என்றும் செய்வினை என்றும் காலம் கடத்தினால் அந்த வாய்ப்பு போய்விடும். பேய்க்கதைகள் வெறும் பொழுதுபோக்காக முடிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தமிழில் நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. சேலத்தைச் சேர்ந்த வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் இருவரையும் தசைச்சிதைவு நோய் பாதித்தது. இதுவும் மரபணு வழியே வந்து ஆண்டுக்கு ஆண்டு உடலை முடக்குவது. அவர்கள் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கித் தங்களைப் போன்றவர்களுக்குச் சிகிச்சையும் தங்குமிடமும் அமைக்க உழைத்தார்கள். கீதா இளங்கோவன் அவர்களைப் பற்றி 'நம்பிக்கை மனுஷிகள்' என்ற ஆவணப்படம் எடுத்தார். அதில் நோயாளிகள் தங்கள் குரலிலேயே பேசுகிறார்கள். தாங்கள் செய்ய நினைக்கும் வேலையைச் சொல்கிறார்கள்.

திரையில் நோயாளிகள் மலையேறுகிறார்கள். பழனி மலைத்தொடரில் வாழும் நோயாளிகளோ மலையிறங்குகிறார்கள். பூம்பாறையிலோ மன்னவனூரிலோ ஒருவருக்குக் கை நடுக்கமும் தள்ளாட்டமும் வந்தால், முதலில் கொடைக்கானலுக்கு வந்து, அங்கிருந்து வளைவு வளைவாக வத்தலக்குண்டுக்கு இறங்கி, மதுரை அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொடைக்கானலிலிருந்து மட்டும் சுமார் 120 கிலோமீட்டர். மரபணுச் சோதனையும் ஆலோசனையும் தேவைப்பட்டால் வேலூர் சிஎம்சிக்கோ பெங்களூரு நிம்ஹான்சுக்கோ போக வேண்டியிருக்கும். கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போகும். அவரும் அதே வம்சம் என்றால், மருத்துவர் நோயாளியிடம் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கும் சேர்த்துச் சொல்வதுதான்.

இந்தப் பயணத்தில் ஒரு முழுப் படத்துக்கான கதை இருக்கிறது. பெண் பார்க்க வருபவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று அடுப்படியில் நடக்கும் பேச்சு, சோதனை முடிவைப் பிரிக்க மறுக்கும் தம்பி, 'எனக்குத் தெரிஞ்சாகணும்' என்று நிற்கும் அக்கா, கணவனுக்கு ஊட்டிவிட்டு மகனின் விரல்களைக் கவனித்துக்கொண்டிருக்கும் தாய்: எல்லாமே இதற்குள் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தசைச்சிதைவும் பார்க்கின்சன் போன்ற நாள்பட்ட நரம்பியல் நோய்களும் அதில் உண்டு. சான்றிதழ் வாங்க அலையும் குடும்பங்களுக்கு அது பற்றித் தெரிவிக்கவும் ஒரு நல்ல படத்தால் முடியும். அப்படியொன்றை எழுத நினைப்பவர்கள் குகைக்குப் போகும் முன் ஒரு நரம்பியல் புறநோயாளிப் பிரிவில், நோயாளியோடு துணைக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில், ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தால் போதும்.